சலூன் நாற்காலியில் ஏறிய சைக்கிள்

தலையைப் பார்த்தே ஆளைச் சொல்லும் தொழில் என்னுடையது. அதனால் கோட்டம் அண்ணனின் முகத்தைவிட அவருடைய உச்சந்தலைதான் எனக்கு அதிகம் பழக்கம். அவருடைய சைக்கிள் கடைக்கும் என் சலூனுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பத்தொன்பது வருடமாக என் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரிவது இதுதான்: கவிழ்த்துப் போட்ட ஒரு சைக்கிள், எதிரே குட்டைப் பலகையில் குத்தவைத்து உட்கார்ந்த ஒரு மனிதர், அவர் நடுமண்டையில் ஒரு வழுக்கை. அது சட்டைப் பொத்தான் அளவிலிருந்து சைக்கிள் மணியின் மூடி அளவுக்கு வளர்ந்ததற்கு நான்தான் கண்கண்ட சாட்சி.

கோட்டம் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். சக்கரம் வளைந்து ஆடினால் கோட்டம் விழுந்துவிட்டது என்பார்கள். அதை எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டைவிரல் நகத்தை ரிம்மின் ஓரத்தில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார். நகத்தில் எங்கே உரசுகிறதோ அங்கே ஒரு கம்பியைக் கால் திருகு இறுக்குவார், பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்துவார். கருவி கிருவி எல்லாம் கிடையாது. நகம்தான் கருவி. என்னிடம் முடி வெட்ட வரும்போது மற்ற ஒன்பது நகங்களையும் நறுக்கச் சொல்லி நீட்டுவார். அந்த ஒன்றை மட்டும் தொடவிட மாட்டார்.

பேச்சு குறைவு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது. நான் பேசுவேன், அவர் ‘ம்’ கொட்டுவார்.

அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் ஒன்று இருக்கிறது. கடை போட்ட புதிதில் ஒரு பழைய நாற்காலியைக் கிடைத்த விலைக்கு வாங்கி வந்திருந்தேன். காலால் மிதித்தால் உட்கார்ந்த ஆள் மேலே ஏறுவார். ஏறியவர், காதோரம் கத்தி போகும் நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் இறங்குவார். முதல் வாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் ஒரு பக்கத்துக் கிருதா காதுக்கு மேலே போய்விட்டது. பார்க்க வந்த ரிப்பேர்காரர், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான் புத்தி என்று சொல்லிவிட்டுப் போனார். புதிது வாங்கக் காசிருந்தால் நான் ஏன் பழையதை வாங்குகிறேன்? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். என் தலையில்தான்.

அப்போது எனக்கு அவரோடு பழக்கம்கூட இல்லை. கோட்டம் அண்ணன் தானாகவே வந்தார். தரையில் மல்லாந்து படுத்து நாற்காலியின் அடிப்பாகத்தைக் கழற்றினார். உள்ளே எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் வாசர் தேய்ந்து கிடந்தது. காற்றடிக்கும் பம்புக்கு வெட்டுகிற தோலில் அதே அளவுக்கு ஒரு வளையம் வெட்டி, இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு, மாட்டிக் கொடுத்தார். என்ன தரவேண்டும் என்று கேட்டேன். “முடி வளந்துடுச்சு, வெட்டி விடு” என்றார். அவ்வளவுதான் கூலி. பதினெட்டு வருடம் அந்த நாற்காலி என் காலுக்குத் தெரியாமல் ஒரு விரற்கடை இறங்கியதில்லை. அந்தத் தோல் வளையத்தின் மேல் உட்கார்ந்துதான் என் குடும்பம் சாப்பிட்டது. இதை மறந்தால் நான் மனுஷனே இல்லை.

போன வருடம் நான் புது நாற்காலி வாங்கினேன். மெத்தை கிழிந்த பழையதைக் கொடுக்க மனம் வராமல் பின்னறையில் நிறுத்தி, மேலே துண்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். அதே வருடம்தான் அண்ணனின் முழங்கால்கள் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணி இறந்த பிறகு அவருக்கு எல்லாமே மகள்தான். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கறார் பேர்வழி, பாசமும் அதே அளவு. நின்றுகொண்டு வேலை செய்ய முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

இரண்டு இரும்புக் குழாய் கிடைத்தால் தானே ஒரு ஸ்டாண்டு செய்துகொள்வதாக அண்ணன் சொன்னார். அவர் குழாய் தேடி முடிப்பதற்குள் முட்டி முடிந்துவிடும் என்று மகள் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடைகளில் விற்கும் ஸ்டாண்டையே வாங்கி வந்துவிட்டாள். அட்டைப்பெட்டியைப் பிரித்தால், கறுகறுவென்று மூன்று கால், மேலே ரப்பர் வைத்த கவ்வி. சீட்டுக்குக் கீழே கம்பியைக் கவ்வினால் சைக்கிள் இடுப்புயரத்தில் அந்தரத்தில் நிற்கும். நானும் வாய் நிறையப் புகழ்ந்தேன்.

இரண்டாம் நாளே வினை வந்தது. ஒரு சைக்கிளை அதில் ஏற்றி, பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் வாசலில் நின்று கதை அளந்துகொண்டிருந்தேன். அவர் காதை எனக்குக் கொடுத்துவிட்டுக் கையை வேலைக்குக் கொடுத்திருந்தார். பெடல் அசையவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி, உடம்பின் பலம் முழுக்கக் கொடுத்து அழுத்தினார். கரகரவென்று ஒரு சத்தம். பெடல் மாட்டும் கிராங்கின் திருகு மரை மொத்தமும் பெயர்ந்து வந்துவிட்டது.

முப்பது வருடத்தில் அவர் கையால் ஒரு மரை போனதில்லை. புதுக் கிராங்கைத் தன் செலவில் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் ‘ம்’கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கை மறந்துபோச்சாண்ணே?” என்று கேட்டேன்.

“கைக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. அதான் தப்பாப் போச்சு” என்றார்.

பிறகு விளக்கினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கவிழ்ந்த சைக்கிள். அதில் முன்சக்கரம் இடது கைப் பக்கம் இருந்தால், எதிரே இருப்பது செயின் பக்கம். ஸ்டாண்டில் சைக்கிள் நிமிர்ந்து நிற்கிறது. இப்போது முன்சக்கரம் இடது கைப் பக்கம் என்றால், எதிரே இருப்பது மறுபக்கம். அந்தப் பக்கத்துப் பெடலுக்கு மரையே எதிர்த்திசை. கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறார். நான் பேசாமல் இருந்திருந்தால் கண்ணாவது பார்த்திருக்கும் என்று எனக்குச் சுருக்கென்றது. அதே ஸ்டாண்டில் கவிழ்த்துக் கவ்விப் பார்த்தோம். பாரம் ஒரு பக்கம் இழுத்து, சைக்கிளும் ஸ்டாண்டும் சேர்ந்து என் மேலேயே சாய்ந்தன.

மகளிடம் சொல்லுங்கள் என்றேன். அவள் ஆசையாக வாங்கியதைக் குறை சொல்ல வாய் வராது என்று மறுத்துவிட்டார். அதற்குப் பதில் அவர் செய்த காரியம்தான் கொடுமை. கடை வாசலில் ஸ்டாண்டைப் பளபளவென்று துடைத்து நிறுத்திவைப்பார். சைக்கிளைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கவிழ்த்துப் போட்டு, பழையபடி குத்தவைத்து உட்காருவார். முட்டி பூசணி மாதிரி வீங்கியது. ஒரு நாள் எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன்.

ஸ்டாண்டு இருந்தும் முட்டி வீங்குகிறது என்றால் தொழிலே வேண்டாம் என்று மகள் முடிவு கட்டினாள். அவள்மேல் தப்பில்லை, அவளுக்கு விஷயம் தெரியாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து சாவியை வாங்கி, கடைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அண்ணனும் சரியென்றுவிட்டார். உன் ஸ்டாண்டு எனக்கு ஆகவில்லை என்று மகளிடம் சொல்வதைவிடக் கடையை இழப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் பின்னறையில் துண்டு எடுக்கப் போனேன். இருட்டில் பழைய நாற்காலியின் மிதிகட்டையை மிதித்துவிட்டேன். துண்டு அடுக்கு மொத்தமும் நிதானமாக மேலே ஏறி என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. இறங்கவில்லை.

இந்த நாற்காலியின் மேல் சைக்கிளைக் கவிழ்த்தால் என்ன என்று நான் போய்ச் சொன்னபோது அண்ணன் முதலில் சிரித்தார். அடுத்து எழுந்து வந்து நாற்காலியின் அடியைத் தட்டிப் பார்த்தார். நாற்காலி அவர் கடைக்கு இடம் மாறியது. மூன்று மத்தியானங்கள் வேலை நடந்தது. நான்கு போல்ட்டைக் கழற்றி மெத்தையை எடுத்தோம். அந்த இடத்தில் அவருடைய பழைய பெஞ்சின் பலகையை முடுக்கினார். ஹேண்டில்பாரின் இரு முனைகளும் உட்கார இரண்டு மரக்கட்டைகளில் பள்ளம் வெட்டி, உள்ளே டயர்த் துண்டை ஆணியடித்தார். சீட்டுக்கு ஒரு குழிந்த கட்டை. மொத்தச் செலவு ஒரு பொட்டலம் ஆணிதான். என் பங்கு, பிடி என்ற இடத்தில் பிடித்தது.

முதல் வெள்ளோட்டத்தில் நாங்கள் இருவருமே ஒன்றை மறந்திருந்தோம். சலூன் நாற்காலி சுழலும். அண்ணன் ஸ்பேனரை அழுத்தியதும் சைக்கிள் ஒரு வட்டம் அடித்து, பின்சக்கரத்தால் என் இடுப்பில் ஒன்று வைத்தது. ஆணியடித்து நிறுத்திவிடலாம் என்று நான் முனகினேன். அவர் வேண்டாம் என்றார். சுழன்றால் இரண்டு பக்கமும் தானாக முன்னால் வரும், சைக்கிளைச் சுற்றி நடக்க வேண்டாம். தண்டில் துளை போட்டு, செருகி எடுக்க ஒரு முளை மட்டும் வைத்தார். மரை போன கிராங்கோடு வந்த அந்தப் பெடலின் அச்சுதான் அந்த முளை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாசலில் அவள் வாங்கிய ஸ்டாண்டு பளபளத்துக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா சலூன் நாற்காலியின் மேல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவர் கை நின்றுவிட்டது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். சாவியை அவள் வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் என் வாய் பொறுக்கவில்லை. மரை போனதிலிருந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியது வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?” என்றாள்.

“நீ வாங்குனது நல்ல சாமான்மா. எனக்குத்தான் தலைகீழாப் பழகிப்போச்சு.”

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கலங்கிக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள். குனிந்து அப்பாவின் முதுகைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள். “இப்பவும் குனிஞ்சுதான் நிக்கிறீங்க” என்று மிதிகட்டையில் காலை வைத்தாள். ஒரு மிதி. சைக்கிள் ஏறியது. இன்னொரு மிதி. அண்ணனின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. முழுக்க நிமிர்ந்த பிறகுதான் காலை எடுத்தாள். சைக்கிள் அங்கேயே நின்றது.

சாவியை அப்பாவின் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டாள். வாசலில் இருந்த ஸ்டாண்டை மடக்கி என்னிடம் கொடுத்தாள். “சித்தப்பா, துண்டு காயப்போட வெச்சுக்கோங்க” என்றாள். இந்த ஊரிலேயே இத்தனை உசத்தியான துண்டுக் கொடி என் சலூனில்தான் இருக்கிறது.

அவள் போன பிறகு நான் வழக்கம்போல் என் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் நின்றபடியே சக்கரத்தைச் சுற்றிவிட்டு நகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் குனியாத அவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் என்னைவிட உயரம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வழுக்கை இப்போது எவ்வளவு இருக்கிறது பார்க்கலாமென்று நுனிக்காலில் நின்று எக்கினேன். எட்டவில்லை.