"வலிக்கு" என்றார் சார்

எங்கள் தேயிலை மலையான சின்னக்கானலின் பனியில் இரவெல்லாம் கிடந்த இரும்பைக் காலையில் தொட்டால் விரல் அதிலேயே ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்து ஸ்பிரிங்கும் அப்படித்தான், தொட்டதும் குளிரோடு எண்ணெய்ப் பிசுக்கும் துரு வாடையும் கையில் ஏறிவிடும்.

பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, மலையாளப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தேன். எங்கள் "லயத்தில்", அதாவது தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அறிவியல் எடுத்த முதல் பெண் நான்தான் என்ற மிதப்பு வேறு. ஆனால் என் மலையாளமோ பஸ்ஸில் டிக்கெட் வாங்கும் அளவோடு சரி.

ஸ்டாண்டில் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, கீழே எடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, முள் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலில் பார்த்து எழுத வேண்டும்; எடை கூடக்கூட நீட்சியும் அதே விகிதத்தில் கூட வேண்டும். முதல்நாள் விறகு பிளக்கும்போது விரலை வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிவிட்டிருந்த அந்த விரலோடு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் பிசிக்ஸ் சார் அருகில் வந்தார், என் கையைப் பார்த்தார், மெதுவாகச் சொன்னார்: "வலிக்கு."

எங்கள் வீட்டுப் பேச்சில் "வலிக்கு" என்றால் வலிக்கிறது என்று பொருள். அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்ல சார், வலிக்கல."

அவர் முகம் சுருங்கியது. "வலிக்கு குட்டி, பேடிக்கேண்டா." பயப்படாதே என்கிறார், எவ்வளவு நல்ல மனிதர்!

"நெசமாவே வலிக்கல சார். அம்மா மருந்து வச்சு கட்டிட்டாக."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. மலையாளத்தில் அதற்கு "இழு" என்று பொருள். எடை மாட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கை லேசாக இழுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். "ஓ, தமிழாணல்லே", தமிழ்ப் பிள்ளைதானே என்று அவரும் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன், அளவுகளைப் பக்கத்தில் நின்ற பெண்தான் எடுத்து எழுதினாள். மொழி புரியாமல் போனதற்குக்கூட நான் அவ்வளவு கூசவில்லை. யாரும் காட்டாத அன்புக்கு நானாகப் பதில் சொல்லி, கண்ணையும் கலங்கவிட்டு நின்றேனே, அதை நினைத்துத்தான் உடம்பெல்லாம் குன்றிப்போனது.

சாயங்காலம் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா விரல்கட்டைப் பார்த்து, "ஏட்டி, இன்னும் வலிக்கா?" என்றாள்.

"அந்த வார்த்தைய சொல்லாத!" என்று கத்தினேன்.

"வலிச்சா வலிக்குன்னுதான சொல்லணும், வேற என்னத்தச் சொல்ல?" என்று அவள் திகைத்து நின்றாள்.

மறுநாளிலிருந்து மலையாளத்தை வெறிகொண்டு கற்றேன். வகுப்பில் வாய் திறக்கும் முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் தமிழில் கூப்பிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். படிப்பு என்னவோ தேறிவிட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது அதே மலையில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் லயம் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. அம்மா காலமாகிவிட்டாள், அவள் பேசிய தமிழைப் பேச வீட்டில் ஆளில்லை, என் மகளோடு நானே மலையாளத்தில்தான் பேசுகிறேன். எர்ணாகுளத்திலிருந்து வரும் விருந்தாளிகள் என் பெயரையும் ஊரையும் விசாரித்துவிட்டு ஆச்சரியத்தோடு சொல்வார்கள்: "தமிழத்தியாணெந்நு தோணுகயே இல்ல கேட்டோ." தமிழச்சி என்று தெரியவே இல்லையாம்.

நான் சிரித்தபடி நன்றி சொல்கிறேன். மரியாதைக்காகச் சொல்வதில்லை, உள்ளபடியே மகிழ்ந்துதான் சொல்கிறேன். சாவியை வாங்கிக்கொண்டு அவர்கள் படியேறிப் போன பிறகுதான் முகம் சுடுகிறது.