பதவி போனவர் பெயர்

யூகோஸ்லாவியாவிலிருந்து ஒரு தூதர் எங்கள் பக்கத்து உத்தனப்பள்ளிக்கு வருகிறார், அவர்கள் நாட்டு டிராக்டரை அங்கே ஓட்டிக் காட்டப்போகிறார்கள் என்று என் கணவரின் மேலதிகாரி வந்து சொன்னபோது என் மகன் கைக்குழந்தை. பெயர் வைக்கவில்லை. என் மாமனார் பெயரை வைப்பதாக மாமியாரிடம் சொல்லியிருந்தேன்.

நான் படித்தவள் என்று வரவேற்புரை எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். தூதரைப் பற்றிய குறிப்புக்கு ஒரு ஆங்கிலத் தாள். மாணவராக இருந்தபோதே சிறை, போரில் மலைக்காடுகளில் ஜெர்மானியரோடு சண்டை, பிறகு பல நாடுகளில் தூதர், சீக்கிரம் மந்திரி ஆவார் என்று பேச்சு. சிறை என்ற வரியை அதிகாரி அடித்துவிட்டார். விருந்தாளியைக் கைதி என்பது மரியாதை இல்லையாம். எனக்குப் பிடித்திருந்தது அந்த வரிதான். அதை விட்டுவிட்டே உரையை எழுதி முடித்தேன்.

"கொழந்தையையும் தூக்கிட்டு வாங்கம்மா. தலைவர் கையால பேரு வெச்சுடலாம்" என்றார்.

தலைவர் என்றது தூதரை. கட்சிக் கூட்டங்களில் தலைவர்கள் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பது நடப்பதுதான். மறுக்க நினைத்தேன். கணவரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். விழாவில் மகன் கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனான். வெற்றிலை வாய்கள் அவனை முத்தமிட்டன. தூதருக்கு இந்த வழக்கமே தெரியாது. கன்னத்தைத் தட்டிவிட்டு, யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று விழித்தார். அதற்குள் அதிகாரி, தலைவர் தன் பெயரையே குழந்தைக்குச் சூட்டிவிட்டதாக மைக்கில் அறிவித்தார். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து எத்தனை முறை குளிப்பாட்டியும் அந்த எச்சில் நாற்றம் போகவில்லை.

தெலுங்கும் கன்னடமும் பேசும் எங்கள் தெரு அந்தப் பெயரை இஷ்டப்படி வளைத்துக் கூப்பிட்டது. நான் மட்டும் கண்ணு என்றே அழைத்தேன்.

மகன் நடக்கத் தொடங்கியபின் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. மந்திரியாகியிருந்த அந்த மனிதர் சொந்தக் கட்சியின் மேலிடத்தையே எதிர்த்துப் பேசினாராம். எல்லாப் பதவிகளும் போய்விட்டன. அன்று மாலையே அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

"அந்தாளு பேரை எடுத்துடுங்கம்மா. நாளைக்கு யாராச்சும் கேட்டா எனக்கும் வம்பு. உங்க வீட்டுக்காரருக்கு புரமோஷன் வேற வர்ற நேரம்."

தலைவர் அந்தாளு ஆகிவிட்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். சரி என்று சொல்லியிருக்கலாம். மாமனார் பெயரை வைத்திருக்கலாம், நான் ஆசைப்பட்டதும் அதுதானே. ஆனால் காப்பியை உறிஞ்சும் அந்த வாயைப் பார்த்ததும் அன்று குழந்தைமேல் அடித்த எச்சில் நாற்றம் திரும்ப வந்தது.

"பதவி இருந்தப்ப வெச்ச பேரு, சார். பதவி போச்சுன்னு எடுக்க மாட்டோம்" என்றேன்.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவனை முதல்முறையாக அந்தப் பெயர் சொல்லி அழைத்தேன். திரும்பிப் பார்த்து, ஓடி வந்தான்.

அதிகாரி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். புரமோஷன் போய்விடுமோ, அவசரப்பட்டுவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே அவர் குடித்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன்.