சூரிச்சிலிருந்து பரிஸ் கிட்டத்தான்

“ஐந்நூறு கிலோமீற்றர்கூட இல்லையடா. பிளேன் ஏறினால் ஒண்டேகால் மணித்தியாலம். கோப்பி குடிச்சு முடியமுதல் இறக்கிப்போடுவான்!”

சூசைதாசன் அண்ணை கைபேசியை வாய்க்கு நேரே பாண்துண்டு போலப் பிடித்துக்கொண்டு முழங்குகிறார். மறுமுனையில் சூரிச்சில் இருக்கும் தம்பி ஜூலியன். ஞாயிறு பூசை முடிந்து வந்து சாரத்துக்கு மாறியதும் இதுதான் முதல் அலுவல். ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அவருக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டில் இருக்கும் எனக்கு, தேநீருக்குப் போகாத ஞாயிறுகளிலும் சுவர் வழியாக ஐரோப்பா முழுக்கக் கேட்கும்.

அண்ணை ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். கனடாவில் வந்து இறங்கிய பிறகு விமானமே ஏறியதில்லை. ஆனால் யாராவது ஒஸ்லோ என்று வாயெடுத்தால் போதும், “லண்டனிலயிருந்து ரெண்டு மணித்தியாலம் சொச்சம்” என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உலகத்தில் அவருக்குத் தூரமான ஊர் விட்பி ஒன்றுதான். அங்கே சித்தப்பாவின் மகன் மாக்கஸ் வீடு வாங்கியிருக்கிறான். ஸ்காபரோவிலிருந்து காரில் ஒரு எட்டு. “உவ்வளவு தூரம் ஆர் போறது? ஒரே ட்ராஃபிக்” என்பார் அண்ணை. உண்மைக் காரணத்தை அவர் மனைவி றெஜினா அக்கா சொன்னார். குடிபுகுதலுக்கு மாக்கஸ் நேரில் வந்து சொல்லாமல் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டானாம். “நான் என்ன, குறூப்பில ஒராளோ?” என்று அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான்.

ஜூலியனின் கோபம் இன்னும் பழையது. தாயார் இறந்தபோது பரிஸில் இருக்கும் அக்கா மக்டலீன் கொடுத்த மரண அறிவித்தலில் அவன் மனைவியின் பெயர் விடுபட்டுப்போயிற்று. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சில்லை. இப்போது மக்டலீனின் மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. பரிஸில் ஒன்றாக இருந்த காலத்தில் அவளைத் தூக்கி வளர்த்தவன் ஜூலியன்தான். மாமா கைபிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டிப்போகாவிட்டால் தனியே நடந்துபோவேன் என்கிறாளாம்.

“தூரமெண்டு மட்டும் சொல்லாதை” என்று அண்ணை இன்றும், தேநீருக்குப் போயிருந்த என் முன்னால், முடித்தார்.

“தூரமில்லைத்தான் அண்ணை” என்றது ஸ்பீக்கர். “விட்பி எவ்வளவு தூரம்?”

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“நீங்கள் மாக்கஸ் வீட்டை போங்கோ. அங்கயிருந்து வீடியோக் கோல் எடுங்கோ. அந்த நிமிசமே நான் டிக்கெற் போடுறன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணை தேநீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார்.

“விட்பிப் பக்கம் ஸ்னோவாம்” என்றார். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. றெஜினா அக்கா குசினி வாசலில் வந்து நின்றார்.

அண்ணை எழுந்தார். கட்டியிருந்த சாரத்துக்கு மேலேயே குளிர்கோட்டை மாட்டினார். சப்பாத்துக்குள் காலை நுழைத்து, கார்ச் சாவியை எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கோவன்!” என்றார் அக்கா.

“அதுக்குள்ள மனம் மாறியிடும்” என்றபடி வெளியே போய், ஏற்கெனவே வெளிச்சம் எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றார்.