அடுப்புப் பரணில் காய்ந்த லயம்

என் அக்கா உள்ளங்கை அளவு பலகைத் துண்டுகளில் எண்ணெய் வர்ணப் படம் தீட்டுவாள். தேத்தண்ணிக் கோப்பை, தேயிலைக் கொழுந்துக்குப் போகும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, கொடியில் தொங்கும் பாவாடை, இவைதான் படங்கள். "நேர்ல பாக்கவே சகிக்கல, இதுல படம் வேறயா" என்பாள் அம்மா.

அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், பிள்ளை பார்க்க வேண்டும். மற்றபடி ராணி மாதிரி இருக்கலாம் என்று தரகர் சொன்னார். அக்கா போகமாட்டேன் என்று அழுதாள். அப்போதுதான் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக நடத்திய சிங்களப் பெண்மணி, நாங்கள் நோனா என்போம், அக்காவின் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை வரைந்து கொண்டுவரச் சொன்னார். பிடித்தால் தொடர்ந்து வாங்குவதாகவும் சொன்னார். அப்படி வாங்கினால் கொழும்புக்குப் போகவேண்டாம் என்று அம்மாவும் இறங்கிவந்தாள்.

தீபாவளிக்கு லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நாங்களே சுண்ணாம்பு அடித்திருந்தோம். அந்த வெள்ளைச் சுவரையும் நீலக் கதவையும் வாசல் டேலியாவையும் அக்கா வரைந்தாள். வெள்ளை டியூப் முழுக்கச் சுவருக்கே போனது. நாம் இவ்வளவு நல்ல வீட்டிலா இருக்கிறோம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் லிந்துலை மூடுபனியில் துணியே காயாது, எண்ணெய் வர்ணம் எங்கே காயும்? ஒரு வாரமாகியும் படம் பிசுபிசுத்தது. மறுநாள் கொடுக்க வேண்டும். அக்கா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, ஒன்பது வயது மேதாவியான நான் அதை அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் வைத்துவிட்டேன். ஈர விறகே காய்கிற இடத்தில் இத்தனூண்டு படம் காயாதா?

சோறு வெந்து இறக்கியபோது படத்தில் கரி அப்பியிருந்தது. சுவர் பழுப்பு, கதவு கறுப்பு, டேலியா இருந்த இடத்தில் ஒரு திட்டு. அக்கா துடைக்கத் துடைக்க இன்னும் இழுசியது. "ஏண்டி, அவ பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி" என்று அம்மா அகப்பையால் விளாசினாள்.

மன்னிப்புக் கேட்கவாவது போகலாம் என்று அக்கா படத்தோடு பங்களாவுக்குப் போனாள். தப்புச் செய்தவள் என்பதால் என்னையும் இழுத்துப் போனாள். நோனா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அக்கா திக்கித்திக்கிச் சிங்களத்தில், இது புகைக்கரி, எங்கள் சுவர் வெள்ளைதான் என்று விளக்கினாள். வெள்ளையாக இருந்தால் யார் இதை லயம் என்று நம்புவார்கள் என்று கேட்டுச் சிரித்தார் நோனா. இதே கரியோடு இன்னும் பத்துப் படம் வேண்டுமாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கோ நான் வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தேன்.

புகை போடும் பொறுப்பு என்னுடையது. ஈரக் குச்சிகளாகப் பார்த்துத் திணித்து, கண் எரிய ஊதுவேன். புதிதாக வாங்கிய வெள்ளையில் அக்கா ஒவ்வொரு முறையும் சுவரை வெள்ளையாகவே தீட்டி என் கையில் கொடுப்பாள். பழுப்பாகவே தீட்டினால் வேலை மிச்சம்தானே என்று யோசனை சொன்னேன். அவள் வெள்ளை டியூபை இன்னும் அழுத்திப் பிதுக்கினாள்.

பத்தாவது படத்தைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அக்கா அம்மாவிடம் சொன்னாள்: "கொழும்பு வீட்டுக்கு நான் வாறேன்னு சொல்லிரும்மா."

"ஒனக்கு என்ன பைத்தியமா? இப்பதானே நோனா இன்னும் வேணுங்கிறாங்க."

"அங்க பாத்திரத்தக் கழுவுனா வெள்ளையாவாச்சும் இருக்கும்."

அவள் புறப்பட்ட காலையில் நான் அவளோடு பேசவில்லை. பஸ் ஏறும்போது கூப்பிட்டாள், திரும்பவில்லை. என் புகையால்தான் அவள் படம் விலைபோனது, அந்தப் பொறாமையில்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.