ஏறிக்கொண்டே போன எடை

நாலு வருடத்துக்கு முன்பு நடந்தது இது. அப்போது கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் தாதியாக இருந்தேன்.

பண்டமாரானிலிருந்து ஓர் அங்கிள் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுபவர், ஐம்பத்தெட்டு வயது. இதயம் பலவீனமாகி உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. கழிவறை வரை நடந்து வருவதற்குள் மூச்சு வாங்கும். ஊசி போட்டு நீரை இறக்கியதில் பத்து நாளில் ஏழு கிலோ குறைந்தார். கால் வீக்கம் வற்றி, மூச்சு சீரானது. டாக்டருக்குத் திருப்தி. அங்கிளின் மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"என்ன மிஸ்ஸி, எலும்பும் தோலுமா ஆயிட்டாரு," என்றார். எங்கள் பக்கம் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வீட்டுக்குப் போனா தேறிடுவாரு அக்கா," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

வீட்டுக்கு அனுப்பும்முன் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது, தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கிளம்பி வர வேண்டும், ஏனென்றால் அது சதை இல்லை, மறுபடியும் சேரும் நீர். அன்றைக்கு அவசரப் பிரிவில் இரண்டு பேர் கட்டிலுக்குக் காத்திருந்தார்கள். அவரை அழைத்துப் போக வந்த காரும் கீழே நின்றது. படபடவென்று சொல்லி முடித்தேன்.

"புரிஞ்சுதா அங்கிள்?"

"புரிஞ்சுது லா மிஸ்ஸி. நீங்க சொன்னபடி செஞ்சிடுறேன்."

படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். மலாயில் அச்சடித்த துண்டுத்தாளை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அவர் வீட்டுக்குப் போன பதினோராம் நாள் காலை நான் வேலைக்கு வந்தபோது அதே மனிதர் ஆக்சிஜன் முகமூடியோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. இரண்டு காலும் தூணாக வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, மனைவியிடம் கையால் ஏதோ காட்டினார். அந்த அக்கா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அவர் முகமூடியை விலக்கிவிட்டு, "ஒரு நாளும் விடல மிஸ்ஸி," என்றார். அதற்குள் மூச்சு இரைத்தது.

நோட்டைப் புரட்டினேன். அறுபத்தொன்று. அறுபத்தொன்றரை. அறுபத்திரண்டு. ஒவ்வொரு காலையும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் அறுபத்தேழரை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'ஓகே' என்று எழுதியிருந்தார்.

"வெயிட் ஏறுதுன்னு ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்," என்றார் அக்கா. "சரியா சாப்பிடக்கூட இல்ல, அப்படியும் உடம்பு புடிக்குதே, தேறிட்டாருன்னு நினைச்சேன். கால் வீங்குனதும் நாற்காலியில ஒக்காந்தே தூங்குறதாலன்னு சொன்னாரு."

மற்றதையெல்லாம் அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஊறுகாயும் கருவாடும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. ஒரு போத்தலில் கோடு போட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறார். ஒரு மாத்திரை தப்பவில்லை. ஏறினால் ஆபத்து என்ற ஒன்று மட்டும் அவரிடம் போய்ச் சேரவில்லை. அதைச் சொன்னேனா, சொல்லியும் அவசரத்தில் அவர் காதில் விழவில்லையா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. படிவத்தில் டிக் இருந்தது. தேறிவிடுவார் என்று நான் சொன்னது மட்டும் அந்த அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது.

இந்த முறை மருந்துக்கு உடம்பு கேட்கவில்லை. சிறுநீரகமும் கைவிட்டது. மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வரும் நேரத்தில், இறந்துபோனார்.

சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா மிஸ்ஸி?"

"இல்ல அக்கா. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அதோடு நிறுத்திக்கொண்டேன். தப்பு என்னுடையது என்பது வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அவர் தலையசைத்துவிட்டு, புருஷனின் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்.

மறுநாள் வார்டு மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அங்கிளை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

அதன்பிறகு யாரிடமும் 'புரிஞ்சுதா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க, எனக்குச் சொல்லுங்க," என்பேன். வீட்டில் சமைப்பவரையும் பக்கத்தில் உட்காரவைப்பேன். போன மாதம், சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ஒருவரிடம் எடை ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஏறுனா நல்லதுதானே மிஸ்ஸி?" என்றார். அப்போதுதான் அவருக்கு அதை இரண்டாவது முறையாகச் சொல்லி முடித்திருந்தேன்.

மூன்றாவது முறை சொன்னேன். அவர் அதை எனக்குத் திருப்பிச் சொல்லும்வரை கட்டிலைக் காலி செய்ய விடவில்லை. ஆனால் நான் சொன்னதை நம்பி, சொன்னபடியே நடந்து செத்துப்போன ஒரு மனிதரின் மனைவியிடம், அவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதிலையும் நான் இன்னும் சொல்லவில்லை.