பட்டனுக்கு அடியில் ஒரு துண்டு வேட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் பெற்றது மூன்று. இறந்துபோன கொழுந்தனாரின் மகனையும் சேர்த்து நான்கு பேரை வளர்த்தேன். இப்போது மண்ணரையில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.

போன வருடம் வலது கை விரல்கள் மடங்காமல் போயின. ரவிக்கைக் கொக்கியோடு காலையெல்லாம் மல்லுக்கட்டுவேன். ஒரு நாள் பாதிக் கொக்கிதான் மாட்டியிருந்தேன். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்ப் பால்காரருக்குக் கதவைத் திறந்தேன். இதைப் போனில் வாய்தவறிப் பெரியவனிடம் சொல்லிவிட்டேன். ரவிக்கைகூடப் போட முடியாமல் தனியாக எப்படி இருப்பாய், ஞாயிற்றுக்கிழமை வந்து சென்னைக்குக் கூட்டிப்போகிறோம் என்றான். என் வீட்டை விட்டுப் போவதாக இல்லை நான்.

கொக்கிக்குப் பதில் பிரஸ் பட்டன் வைப்பது என்று முடிவு செய்தேன். பனியன் துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா? வீட்டில் கிடந்த துணியிலேயே மிஷினில் ரவிக்கை தைத்து, பக்கத்துப் பட்டறையில் பட்டன் அடித்து வாங்கினேன். முதல் நாள் கழற்றும்போதே, பட்டன் திறக்காமல் துணியோடு பிய்ந்து வந்தது.

பனியன் கம்பெனியில் குழந்தைத் துணி செக்கிங்கில் பல வருடம் இருந்தவள் செய்கிற வேலையா இது? அங்கே பட்டனை இடுக்கியால் கவ்விப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் போகும். உள்ளே இழுபடாத நெய்த துணி ஒரு துண்டு கொடுக்காவிட்டால் பட்டன் நிற்காது. பிய்ந்ததைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்று மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள்.

காலமான என் வீட்டுக்காரரின் வேட்டியில் இரண்டு விரல் அகலம் கிழித்து, உள்ளே கொடுத்து, வேறொரு ரவிக்கை தைத்து, அதே பட்டறையில் பட்டன் அடித்து வாங்கினேன்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை பெரியவனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, கையைத் தூக்குனா தெறிச்சுப் போயிராதுங்களா?"

"நீயே இழுத்துப் பாரு கண்ணு."

இரண்டு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். அசையவில்லை. அப்புறம் எப்படிக் கழற்றுவீர்கள் என்று சிரித்தாள். பட்டனின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு நெம்பிக் காட்டினேன். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது.

அவள் வெளியே போய் என் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"உங்கம்மாளுக்கு நாம வேண்டாமாமுங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. திறந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி மூடிக்கொண்டேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். பெரியவன் அதற்கப்புறம் போனில் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை.

இப்போதெல்லாம் பால்காரர் வருவதற்கு முன்பே உடுத்தித் தயாராகிவிடுகிறேன். அவர் போன பிறகு அன்றைக்கு வேறு யாரும் வருவதில்லை.

எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். நான் சொல்லச் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி கோயமுத்தூர் விடுதியிலிருந்து போனில் கேட்டு எழுதுகிறாள்.

கண்ணு, மொதல்ல இருந்து ஒருக்கா படிச்சுக் காட்டு. அவசரமில்ல, மெதுவாவே படி.