நாற்பத்தொரு பாடங்களுக்கு இடம்

எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்த குரல் அவருடையது. அந்தக் குரலை வீட்டில் தன்னைத் திட்ட மட்டுமே வைத்திருந்தால் எப்படி என்று, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்யும் ஒரு சின்ன அமைப்பில் அவரைச் சேர்த்துவிட்டார் கணவர். கணவர் பூகோள ஆசிரியர். ஊரே வாத்தியார் என்று கூப்பிட்டது, அக்காவும் அப்படித்தான்.

அமைப்பு என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க கேசட்டில் வாசிப்பார்கள். கீழே டயருக்குக் காற்றடித்தால் அந்தப் பத்தியை மறுபடி வாசிக்க வேண்டும். பிள்ளைகள் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கேசட் மேல் ஒட்டும் தாளில் குண்டூசியால் புள்ளி எழுத்து குத்துவார் அக்கா. விரல் நுனி எரியும். இருந்தாலும் என்ன சந்தோஷமான நாட்கள் அவை.

இணையம் வந்ததும் வாத்தியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காசு கேட்காத வசதி எது கண்ணில் பட்டாலும் அமைப்புக்கு இழுத்து வந்துவிடுவார். பாடம் வேண்டுபவர்கள் நிரப்ப ஒரு படிவம், வாசிக்க ஆள் தேட ஒரு பேஸ்புக் பக்கம், பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குழு, பதிவுகளைப் போட்டுவைக்க இலவச இணையச் சேமிப்பு. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு செயலியில் வண்ண வண்ணமாக அறிவிப்பு செய்து குழுவில் போட்டார். எழுத்தை மட்டுமே உரக்கப் படிக்கத் தெரிந்த பார்வையற்ற பிள்ளைகளின் போன்கள் அதை "படம்" என்று ஒரே சொல்லில் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டன.

"படம் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று ஒருத்தி குரல்பதிவு அனுப்பினாள். வாத்தியார் ஒரு வாரம் அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தார்.

வாத்தியார் போய் நான்கு வருஷமாகிறது. அன்று கிண்டல் செய்த பெண்தான் இப்போது அமைப்பின் பொறுப்பாளர். போன வாரம் அவள் அக்காவிடம் வந்து நின்றாள்.

"அக்கா, சேமிப்புல இடம் நிரம்பிடுச்சு. புது வரலாறு பதினாலு பாடம் ஏத்தணும். பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கு."

"வேண்டாததை எடுத்துட்டு ஏத்தும்மா."

"வேண்டாததுன்னா..." அவள் தயங்கினாள். "பழைய பாடத்திட்டத்துப் பூகோளம்தான் அக்கா. நாற்பத்தொண்ணு."

நாற்பத்தொன்றும் வாத்தியாரின் குரல். ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்தான். அலமாரியில் கிடப்பதற்கா அந்த மனுஷர் தொண்டை வற்ற வாசித்தார்? நாலு பேர் கேட்கிற இடத்தில் அந்தக் குரல் இருக்கும்வரை, வாத்தியார் வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் அக்கா தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

அதற்காகப் பிள்ளைகளின் பரீட்சையோடு மல்லுக்கட்ட முடியுமா?

"அழிச்சிடலாம்" என்றார். "குழுவுல ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோம்."

வெள்ளிக்கிழமை பழைய பூகோளம் நீக்கப்படும் என்று அக்காவே பேசி அனுப்பினார். யார் கவலைப்படப் போகிறார்கள் என்றுதான் நினைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் போன் ஓயாமல் அடித்தது. எல்லாம் பழைய மாணவர்கள்.

"அக்கா, என் கணக்குல இலவச இடம் பாதி காலியா கிடக்கு. நதிகள் ரெண்டு பாடமும் நான் வச்சுக்கிறேன்."

"பாலைவனம் எனக்கு. யாராவது கேட்டா லிங்க் நான் தர்றேன்."

பொறுப்பாளர் பட்டியல் போட்டாள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பது பாடத்துக்கு வீடு கிடைத்துவிட்டது. அடிதடி ஒன்றுக்குத்தான், மலைகள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவன் அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அடம்பிடித்தான். அக்கா அவனுக்குப் போன் செய்தார்.

"அதுல அப்படி என்னப்பா இருக்கு?"

"நீங்க இருக்கீங்க அக்கா."

"நானா?"

"பாதியில வந்து, 'எத்தனை தடவை கூப்பிடுறது, டீ ஆறிப்போச்சு'ன்னு சத்தம் போடுவீங்க. 'இந்த மலையைத் தாண்டிட்டு வந்துடுறேன்'னு சார் சொல்வார்."

"அதை வெட்டிட்டேன்னு எங்கிட்ட சொன்னாரே."

"வெட்டல அக்கா."

வெள்ளிக்கிழமை அக்காவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினார். வங்கிக்காரனுக்கே கொடுத்துவிட்ட மலைகளைக் கடைசிக்கு வைத்திருந்து, நீக்குமுன் ஒரு தடவை போட்டுக் கேட்டார். அந்த இடம் வந்ததும், பக்கத்தில் இருந்த பொறுப்பாளர் வாத்தியாரின் பதிலோடு அக்காவின் திட்டையும் சேர்த்து, ஏற்ற இறக்கம் பிசகாமல் கூடவே சொன்னாள்.